கசிவுக் கணக்கு

காலை ஆறேகால். மூட்டம் இன்னும் விலகவில்லை.
அணையின் காலடியில், நடுவே முக்கோணமாய் வெட்டிய
தகட்டின் முன் குந்தியிருக்கிறேன்.
வழியும் நீரின் உயரம் பதினாறு சென்ரிமீற்றர்.
அட்டவணையில் விரலை ஓட்டினால்
நொடிக்குப் பதினான்கு லிட்டர்.
கையெழுத்து: வே. பாக்கியரூபி.

சுற்றுலா வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
"ஐயோ, அணை ஒழுகுது!" என்று கத்துவார்கள்.
ஒழுகும். ஒழுகட்டும் என்றுதான் கட்டியது.
சட்டென்று ஒழுகாமல் நின்றால்
அன்றைக்குத்தான் எனக்குக் கை நடுங்கும்.

இது சுவர் இல்லை, குவியல்.
ஒரு கல் இன்னொன்றோடு ஒட்டவில்லை,
சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.
இடையில் காற்றுப் போகும், தவளை போகும்.
தண்ணீரை மறிப்பது முகத்தில் இழுத்த
முப்பது சென்ரிமீற்றர் கொங்கிறீற்றுத் தோல்.
தோலுக்குத் தனியே நிற்கத் தெரியாது.
குவியலுக்கு மறிக்கத் தெரியாது.

கட்டும்போது எனக்குப் பத்தொன்பது வயது.
வேலை, கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவது.
மேற்பிரிவுக் கொழுந்துக்காரிகள் கூடையோடு நின்று
"ஏன்டி ரூபி, கல்லு முளைக்குமா?" என்று சிரித்தார்கள்.
அது ஆடி மாதம். மழையில் நனைந்தபடி
குழாய் பிடித்துக்கொண்டிருந்தேன்.
ரோலர் ஓட்டிய திலகசிறிதான்
பாதி சிங்களத்தில், பாதி கையால் சொன்னான்:
நனைந்தால் கல்லின் முனை நொறுங்கும்.
இப்போதே நொறுங்கட்டும்.
நீர் நிறைந்தபின் நொறுங்கினால் தோல் கிழியும்.

எண்பது சென்ரிமீற்றர் ஒரு படுக்கை.
விரி. நனை. ஆறு தடவை உருட்டு.
மறுபடியும் விரி.
ஒருநாள் எஞ்சினியர் கனகசபேசன்
நாற்பது லொறிக் கல்லைத் திருப்பி அனுப்பினார்.
சுத்தியல் பட்டால் 'டங்' என்று சொல்லாமல்
'தொப்' என்ற கல்.
"பார்வைக்கு நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஒப்பந்தக்காரர்.
கனகசபேசன் சுத்தியலை அவர் கையில் கொடுத்துவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போனார்.

கல் வந்தது எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்து.
நான்கு மணிக்குச் சங்கு, பிறகு வெடி,
தகரக் கூரையில் ஒரு கைப்பிடி சரளை.
எங்கள் வெயிலை மறைத்து நின்ற பேய்ப்பாறை
இப்போது ஆற்றின் குறுக்கே படுத்திருக்கிறது.
அதன்பிறகுதான் லயத்துக்குக் காலை வெளிச்சம்.
மின்சாரம் வர
மேலும் பதினேழு வருடம் ஆனது.

உச்சி வீதி நடுவில் முதுகு வளைந்திருக்கும்.
அளவு பிழைத்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.
இல்லை. எவ்வளவு தாழப்போகிறது என்று கணக்குப் போட்டு
அவ்வளவையும் முன்கூட்டியே உயர்த்தி வைத்திருக்கிறார்கள்.
இதுவரை நாற்பத்தொரு சென்ரிமீற்றர் இறங்கியாயிற்று.
என் கலியாணத்துக்கு
யாரும் இப்படி ஒரு வரைபடம் போடவில்லை.

போன செவ்வாய், இரவெல்லாம் மழை.
காலையில் பதினேழரை.
நொடிக்குப் பதினெட்டு லிட்டர்.
மறுபடி குந்திப் பார்த்தேன், மறுபடியும் பதினேழரை.
கீழே கம்பளை,
கடைக் கதவுகள் திறக்கிற நேரம்.
அளவு கூடினால் மழை என்று சொல்லலாம்.
கலங்கினால் உள்ளே எதையோ
தண்ணீர் தின்கிறது என்று அர்த்தம்.
ஒரு போத்தலில் பிடித்து வானத்துக்கு நேரே தூக்கினேன்.
வானமே கலங்கலாய்த்தான் இருந்தது.

போன் போட்டேன். புது எஞ்சினியர் சுபாஷிணி
மழைக்கோட்டுக்கு மேலே ஹெல்மெட்டோடு வந்திறங்கினாள்.
இரண்டு பேரும் அரைமணி நேரம்
போத்தலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்,
ஒன்றும் பேசாமல், ஆஸ்பத்திரி வாங்கில் இருப்பதுபோல.
"இடப்பக்கச் சரிவு மழைதான் கலந்திருக்கு அக்கா," என்றாள்.
நிறம் என்ற கட்டத்தில் எழுதினேன்: தெளிவு.

போத்தலைக் கொட்ட மனமில்லை.
மூடியில் திகதி ஒட்டி மேசையில் வைத்திருக்கிறேன்.
அடியில் ஒரு மணல்கூட இல்லை.
இன்று காலையும் பார்த்தேன்.